தலை பிடிக்கிற கை

இசக்கிச்செல்விக்கு வாய் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அன்றைக்கு ஒரு கேடும் வந்திருக்காது. கை அவ்வளவு உண்மையாக வரைந்திருந்தது.

தென்காசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. தலைப்பு, ‘நான் காணும் கடவுள்’. மற்ற பிள்ளைகள் மயிலும் சிலுவையும் பிறையும் போட்டிருக்க, பிளஸ் ஒன் படிக்கிற இவள் ஒரு தலையையும் அதைப் பிடித்துவிடுகிற இரண்டு கைகளையும் வரைந்திருந்தாள். கைக்குரியவரின் முகம் படத்தில் இல்லை. தலை பிடிக்கிறவர் பின்னால்தானே நிற்பார்? தலையைக் கொடுத்தவனுக்கு அவர் முகம் தெரியாது, வலி போவது மட்டும் தெரியும். கடவுளும் அப்படித்தான் என்று அவளுக்குப் பட்டது. கைகள் மினுங்க வேண்டுமே என்று அப்பாவின் பாட்டிலிலிருந்து எண்ணெயைத் தொட்டுத் தாளில் தடவியிருந்தாள்.

அப்பா செல்லப்பா குற்றாலத்தில், மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர். பெஞ்சு விழுந்து அவருடைய வலது கட்டைவிரல் நகம் போய்விட்டது. படத்திலும் அந்த விரலுக்கு நகம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குக் கடை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். போன சீசனில் கூடப் படிக்கிற ஷாரோன் அருவிக்கரை மசாஜ்காரர்களைச் சொல்லி, “ச்சீ, கண்டவன் முதுகையும் எப்படிட்டி தேய்க்காங்க?” என்று சிரித்தபோது இவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

முதல் பரிசு இவளுக்கே. நடுவர் மைக்கை நீட்டினார்.

“யாரு கைம்மா இது?”

முன் வரிசையில் ஷாரோன். கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா. படத்தைப் பார்த்ததிலிருந்து தன் கட்டைவிரலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

“கடவுள் கை சார்.”

“எண்ணெய் மாதிரி மினுங்குதே?”

“அது... குத்தாலநாதருக்குச் சாத்துன தைலம் சார்.”

சொன்னாளே பாவி! குற்றாலநாதருக்குத் தலைவலி தீரத் தைலம் சாத்துவது இந்தப் பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நடுவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து நாலைந்து தாய்மார்களும் எழுந்து வந்து ஒற்றிக்கொண்டார்கள். அத்தனையும் செல்லப்பா வீட்டு அடுப்பில் காய்ச்சிய எண்ணெய். செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது.

“பிள்ளையோட அப்பா வந்திருக்காகளா? மேடைக்கு வாங்க.”

செல்லப்பா பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் மகள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“அவுக அப்பாவுக்கு வேலை சார். நான் கூட்டியாந்த ஊர்க்காரன்,” என்று சொல்லி உட்கார்ந்தார். வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்புகிற பஸ்ஸில் அவர் ஒரு சொல் திட்டவில்லை. ரெண்டு அறை கொடுத்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

“ஏட்டி, கோயில் தைலத்து வாசமே வேற,” என்றார் மெதுவாக. “நம்ம எண்ணெயில நொச்சில்லா தூக்கலா அடிக்கும்! நான் பயந்துட்டே இருந்தேன். நல்ல வேளை, ஒருத்தரும் மோந்து பாக்கல.”

செல்விக்கு அழுகை முட்டியது. நெற்றியை முன் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

“தலை வலிக்கா?” வழக்கம்போல அவர் கை அவள் தலைக்கு வந்தது. பிடிச்சு விடுங்கப்பா என்று ஒரு வார்த்தை. அது அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அதே பஸ்ஸில் ரெண்டு சீட்டு முன்னால் இருந்த ஷாரோன் திரும்பினாள். கை பாதியிலேயே இறங்கி அவர் மடிக்குப் போய்விட்டது.

“கூட வந்திருக்கது யாருட்டி?”

“ஊர்க்காரங்க,” என்றாள் செல்வி.

ஆமாம் என்று செல்லப்பாவும் தலையாட்டினார்.