ஆயுத பூசையன்று ஓய்விலிருந்த இன்வேர்ட்டர்

வெங்கட்ராமன் என்னை முதன்முதலாக அடித்தது இட்லித் தட்டால். நான் அவரைத் திருப்பி அடித்தது தேங்காய் துருவும் துருவலையால். இரண்டு அடிக்கும் காரணம் ஒன்றுதான். மின்சாரம் போதவில்லை.

த பேசின் என்ற ஊரில், சக்கரம் பூட்டிய வீடுகள் நிற்கும் மலையடிவாரத்துக் கரவன் பார்க்கில், எங்கள் இரண்டு கரவனுக்கும் நடுவே ஒரேயொரு மின்கம்பம். அது இரண்டு பேருக்கும் சேர்த்துத் தருவது பத்து அம்ப் மின்சாரம். ஒரு கேத்திலைக் கொதிக்கவைத்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். அந்த நேரம் பார்த்து அடுத்தவர் அடுப்பைப் போட்டால் கம்பத்துப் பெட்டிக்குள் பிரேக்கர் டக்கென்று விழும். இரண்டு கரவனிலும் எல்லாம் நின்றுவிடும். உடனே இரண்டு கதவும் திறக்கும்.

"யோகராசா சார், ஹீட்டர் போட்டீங்களா?"

"ஓம். நீங்கள் இண்டக்‌ஷன் அடுப்புப் போட்டனீங்களோ?"

"ஆமா."

அதற்குமேல் பேச்சு தேவைப்படாது.

ஒருமுறை அவர் எறிந்த தேங்காய் என் நெற்றியில் பட்டுச் சரிபாதியாக உடைந்தது. என் மனைவி செல்வமலர் இரண்டு பாதியையும் பொறுக்கிப்போய்ச் சம்பல் அரைத்துவிட்டாள். இன்னொரு முறை என் முன்பல் பறந்துபோய் யூக்கலிப்டஸ் மரத்தில் குத்தி நின்றது. அதை ஒரு வெள்ளைக் கொக்கட்டூக் கிளி பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது அது பார்க்குக்கு வருகிறவர்களைக் கொத்துவதில்லை, கடிக்கிறது. வெங்கட்ராமனின் விலா எலும்பை நான் முறித்த சத்தத்தில் மலைமேல் ஒரு மரம் சாய்ந்தது. அது ஏற்கெனவே உளுத்துப்போன மரம் என்கிறார் அவர். எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்கிற மனிதர்.

பார்க்கின் மேனேஜர் டெப்பிக்கு எங்கள் சண்டை ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு முறையும் நடந்துவந்து பிரேக்கரைத் தூக்கிவிடுவதுதான் அவளுக்கு வெறுப்பு. ஒருநாள் கிரிக்கெட் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சொன்னாள். இனி ஒருமுறை பிரேக்கர் விழுந்தால், விழுத்திய கரவனை டிராக்டரில் கொளுவி இழுத்துப்போய் நடுத்தெருவில் விடுவாளாம். சும்மா சொல்கிறவள் அல்ல. முன்பு ஒருவரை அப்படி இழுத்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். சவர்க்கார நுரையோடுதான் நெடுஞ்சாலையில் இறங்கினார்.

எனக்குப் போக ஓர் இடம்தான் இருந்தது. கிரான்பர்னில் மகன் கீர்த்தனன் வீட்டுக் கராஜ். முன்பு அங்கே இருந்தபோது, குசினிக்குள் மீன் பொரித்தால் வீடெல்லாம் மணக்கிறது என்று மருமகள் ப்ரீத்தி அடுப்பைக் கராஜுக்கு அனுப்பினாள். அடுப்பின் பின்னால் செல்வமலர் போனாள். செல்வமலரின் பின்னால் நான் போனேன். கார் உள்ளே வரும்போதெல்லாம் கதிரையைத் தூக்கிக்கொண்டு எழும்பி நிற்கவேண்டும். அதைவிட வெங்கட்ராமனின் கையால் சாவது மரியாதை.

டெப்பி சொன்னதைக் கேட்ட கீர்த்தனன் மறுநாளே ஓர் எலக்ட்ரீஷியனோடு வந்து இன்வேர்ட்டர் பூட்டினான். பெற்றோர்மேல் அவ்வளவு பாசம். நாங்கள் திரும்பி வந்துவிடுவோம் என்ற பயமாகவும் இருக்கலாம்.

"அப்பா, இது கம்பத்தில இருந்து அஞ்சு அம்புக்கு மேல எடுக்காது. நீங்கள் கூடப் பாவிச்சால் மிச்சத்தை பேட்டரியில இருந்து குடுக்கும். ஒண்டும் பாவிக்காத நேரம் பேட்டரியைத் திருப்பி நிரப்பும்."

பந்தியில் ஆள் கூடினால் செல்வமலர் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எடுத்துப் போடுவாளே, அதே வேலை. பக்கத்தில் ஒரு பெரிய சுவிட்சும் வைத்தான். மேலே தள்ளினால் மின்சாரம் இன்வேர்ட்டர் வழியாக வரும். கீழே தள்ளினால் அதைத் தொடாமல் கம்பத்திலிருந்து நேரே வரும்.

அதன்பிறகு ஹீட்டரும் கேத்திலும் ஒன்றாக ஓடின. பிரேக்கர் விழவில்லை. அடிப்பதற்குக் காரணம் இல்லாமல் வெங்கட்ராமன் மெலிந்துபோனார்.

அப்படியிருக்க ஆயுத பூசை வந்தது. செல்வமலர் துருவலை, அகப்பை, உலக்கை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கினாள். பிறகு இன்வேர்ட்டருக்கும் அதன் சுவிட்சுக்கும் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூ மாலை போட்டு, சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

"என்னப்பா செய்யிறாய்?"

"எங்களுக்காக மாடா உழைக்குது. அதுக்கும் ஒருநாள் ஓய்வு வேணும். நாளைக்கு விஜயதசமி, அப்ப எழுப்புவம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குளிராக இருந்ததால் ஹீட்டரைப் போட்டேன். அவள் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். டக்.

டெப்பி மட்டையோடு வந்தாள். விழுத்தியது யார் என்று கேட்டாள். நானும் வெங்கட்ராமனும் ஒருவரையொருவர் காட்டினோம். அப்படியென்றால் சோதித்துப் பார்ப்போம் என்றாள். முதலில் அவர் கரவன். அவர் தன் இண்டக்‌ஷன் அடுப்பையும் இட்லித் தட்டையும் பூசையில் வைத்திருந்தார். ஒரு பல்ப்தான் எரிந்தது. பிரேக்கர் அசையவில்லை.

"அடுத்தது நீ. ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் போட்டு வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிரேக்கரை இறக்கி வைத்து, டிராக்டரைக் கொண்டுவரப் போனாள்.

நான் உள்ளே ஓடினேன். சாட்சிக்கென்று வெங்கட்ராமனும் பின்னால் ஓடிவந்தார். என் கை சுவிட்சுக்குப் போவதைக் கண்டதும் செல்வமலர் சொன்னாள்.

"பூசையில வைச்சதில கை வைச்சீங்களெண்டால் நான் இண்டைக்கே கராஜுக்குப் போறன்."

சுவிட்சைத் தொட்டால் அவள் கராஜுக்கு. தொடாவிட்டால் இரண்டு பேரும் கராஜுக்கு.

"அவங்க சொல்றது சரிதான் சார்" என்று வெங்கட்ராமன் இன்வேர்ட்டருக்கு முன்னால் போய் நின்றார். "சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல. நான் காவல் இருக்கேன்."

நான் துருவலையைப் பார்த்தேன். அதில் சந்தனம் இருந்தது. அவரும் எங்கள் உலக்கையைப் பார்த்தார். அதன்மேல் பூ இருந்தது. இருவரும் அவற்றைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையால் தொடங்கினோம்.

நான் தலையால் அவர் வயிற்றில் இடித்தேன். அவர் என் இரண்டு காதையும் பிடித்து ஊறுகாய்ப் போத்தல் திறப்பதுபோலத் திருகினார். இடது காது இன்றைக்கும் பின்பக்கம்தான் பார்க்கிறது. நான் அவர் மூக்கை வாயில் கவ்வினேன். முன்பல் போன இடைவெளியில் சிக்கி, அது வெளியே வரவும் முடியாமல் உள்ளே போகவும் முடியாமல் நின்றது. மேசை உடைந்தது, யன்னல் உடைந்தது, என் சின்னவிரலும் உடைந்தது. சுவரெல்லாம் இரத்தம். செல்வமலர் மாலையில் படாமல் துடைத்துக்கொண்டே நின்றாள். கரவன் தன் முட்டுக்கட்டைகளைவிட்டு இறங்கி நாலடி நடந்தது.

வெளியே டிராக்டரின் சத்தம் கேட்டது. கொளுவியை மாட்டுகிற சங்கிலிச் சத்தமும் கேட்டது.

வெங்கட்ராமனின் கட்டைவிரலை எட்டிப்பிடித்து, போகாத பக்கமாக வளைத்தேன். குனிந்து கிடந்தவர் அலறிக்கொண்டு நிமிர்ந்தார். அவர் பிடரி சுவிட்சில் இடித்து அதை மேலே தள்ளியது. அதே நேரம் டெப்பி பிரேக்கரைத் தூக்கினாள்.

இன்வேர்ட்டர் மெல்ல உறுமியது. ஹீட்டர் சிவந்தது. கேத்தில் பாடத் தொடங்கியது. நாங்கள் ஒருவர் தொண்டையை ஒருவர் பிடித்தபடி மூச்சுவிடாமல் காத்திருந்தோம். மூச்சுவிட முடியவுமில்லை. தண்ணீர் கொதித்து முடிந்தது. பிரேக்கர் விழவில்லை.

டெப்பி சங்கிலியைக் கழற்றினாள். யாரையாவது அடிக்கவேண்டும்போல் இருந்திருக்கும், மட்டையால் கம்பத்துக்கு ஓர் அடி போட்டுவிட்டுப் போனாள். கம்பம் இப்போதும் சரிந்துதான் நிற்கிறது.

"எழுப்பினது நானில்லை" என்றேன் செல்வமலரிடம்.

அவள் வெங்கட்ராமனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பிடரியில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

"தெரியாம பட்டுடுச்சும்மா" என்றார் அவர்.

"பாவம் உங்களுக்குத்தான் அண்ணை" என்று சொல்லி, இருவருக்கும் தேத்தண்ணியும் பஞ்சும் கொடுத்தாள்.

மறுநாள் விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்க உகந்த நாள். காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெங்கட்ராமன் குளித்து, விபூதி பூசி, வேட்டி கட்டி, பூசையிலிருந்து எடுத்த இட்லித் தட்டோடு நின்றார்.

"நல்ல நேரம் போய்ட்டிருக்கு சார்."

"வாறன்" என்றேன். துருவலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினேன்.