ஒரு முப்பத்தைந்துகூட இல்லை

“அப்ப மிஷின்ல கோளாறு இல்லங்கிறியா?”

“மிஷினைக் குத்தம் சொல்லாதக்கா. வாயில்லாத ஜீவன்.”

“அப்ப உன்னைச் சொல்றேன். உனக்குத்தான் வாய் இருக்கே.”

அக்காவுக்குக் காது சோதிக்கும் வேலை. ஒலி புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, எவ்வளவு மெல்லிய ஓசைவரை கேட்கிறது என்று அளப்பாள். அதைக் கணக்கிடும் மென்பொருள் தங்கை எழுதியது. திங்கட்கிழமை அவளே வந்து புதுப் பதிப்பை ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். இன்று வெள்ளி. இந்த வாரத்து அறிக்கைகளை அக்கா மேசைமேல் பரப்பினாள். ஐந்து ஐந்தாக ஏறும் அளவு அது; எண் கூடக் கூடக் காது மந்தம். முப்பது, நாற்பது, ஐம்பது. ஐந்தில் முடிகிற எண் ஒன்றுகூட இல்லை.

“பதினோரு பேரும் பேசிவச்சுக்கிட்டா வந்தாங்க? அதுல ஒருத்தர் பஸ் டிரைவர்டி. நாப்பதுன்னா வண்டி எடுக்கக் கூடாது. என் கையாலதான் அறிக்கை குடுத்தேன்.”

தங்கை கணினியைத் திறந்தாள். கிடைத்த அளவைப் பக்கத்து ஐந்துக்குக் கொண்டுவரும் ‘ரவுண்ட்’ என்ற சிறு நிரலை மட்டும் தனியே ஓட்டினாள். முப்பத்துநாலைக் கொடுத்தால் முப்பத்தைந்து என்றது.

“பாத்தியா, என் பிள்ளை தனியா இருந்தா சமர்த்துதான்.”

“எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க.”

பிறகு, எந்த நிரல் எதைக் கூப்பிட்டது, எது வந்தது என்பதைக் கணினியே வரி வரியாக எழுதிக் காட்டும்படி செய்து முழுதாக ஓட்டினாள். வரிகள் கடகடவென்று இறங்கின. ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

ஒலியை அளக்கும் நிரல்களின் தொகுப்பான ஒலி நூலகம் ‘ரவுண்ட்’ என்று கூப்பிட்டிருக்கிறது. வந்தது அதன் சொந்த ‘ரவுண்ட்’ அல்ல. திங்களன்று புதிதாகச் சேர்த்த, வரைபடம் அச்சிடும் நூலகத்திலும் அதே பெயரில் ஒன்று இருந்தது. புள்ளி கோட்டின்மேல் உட்காரட்டும் என்று எந்த எண்ணையும் மேலே உள்ள பத்துக்குத் தூக்கிவிடும் ஒன்று. கணினி பெயரைத் தேடும் வரிசையில் அந்த நூலகம் முன்னால் நின்றதால் அதுவே வந்துவிட்டது.

“என்ன அதிசயம் பாருக்கா! தன் வீட்டு அடுப்படியில இருக்கிற கரண்டிக்கு, தெருமுனையில ஆரம்பிச்சு வீடு வீடாக் கேட்டுக்கிட்டு வருது. முதல்ல எவன் நீட்டுறானோ அவன் கரண்டிதான்.” அவள் கண்கள் விரிந்திருந்தன. பெயரைச் சொன்னால் போதும், யார் என்று பாராமல் நம்பி வேலையை ஒப்படைக்கிற கணினியின் அந்த வெள்ளை மனத்தை அவளால் கோபிக்க முடியவில்லை.

“ரசிச்சது போதும், சரிபண்ணு.”

ஒலி நூலகம் தன் ‘ரவுண்ட்’டை வெளியே காட்டாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஒரே ஒரு சொல் போதும். அதை அன்றைக்கே போட்டிருக்க வேண்டும். இப்போது போட்டாள். முப்பத்துநாலு முப்பத்தைந்தாக வந்தது.

“அந்த டிரைவரோட நிஜ எண் என்ன?”

தங்கை தேடிப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள். “முடிவை மட்டும்தான் சேமிச்சிருக்கேன். முப்பத்தஞ்சாவும் இருக்கலாம், நிஜமாவே நாப்பதாவும் இருக்கலாம்.”

அக்கா டிரைவரின் எண்ணை அழுத்திப் போனை அவளிடம் நீட்டினாள்.

“காது டாக்டரம்மாவா?” என்றது கரகரத்த குரல். “நேத்தே பஸ் சாவியைக் குடுத்துட்டேன்மா. டிப்போவுல டயர் எண்ணச் சொல்லியிருக்காங்க. அந்த ரூமுக்குள்ள வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தேன். இனிமே என்ன இருக்கு?”

“நான் அவங்க தங்கச்சி. தப்பு நான் எழுதினதுல சார்,” என்றாள். “முடிவு மாறும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை அந்த ரூம்ல வந்து உக்காருவீங்களா?”