மந்திரி கொடுத்த வாக்கு

பேர்ணடெற்றின் நண்டுக் கறிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவர்களில் குலசிங்கத்தார்தான் பெரிய புள்ளி. பூர்வீகம் யாழ்ப்பாணம், பிறந்ததும் பதவி பிடித்ததும் ஒரு தென்கிழக்காசிய நாட்டில். ஒட்டாவாவில் அந்த நாட்டுத் தூதுவராக இருந்த காலத்தில் ரொறன்ரோவில் பேர்ணடெற் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்துக்கு அடிக்கடி வருவார். லிஃப்ற் பழுதென்றாலும் படியேறி வந்து, "தங்கச்சி, சோறு போடு" என்பார்.

சாப்பிட்டபடியே தொழில் இரகசியமும் சொல்லுவார். "ஒப்பந்தத்திலை ஒரு சொல்லுக்கு ரெண்டு வாசல் வைக்கவேணும். அவன் ஒண்டாலை உள்ளுக்கு வருவான், நாங்கள் மற்றதாலை வெளிய போயிடலாம்." அந்தக் கெட்டித்தனம்தான் அவரைப் பின்னாளில் மந்திரிக் கதிரைவரை ஏற்றியது. பேர்ணடெற் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வித்தை ஒருநாள் தன் மேலேயே பாயும் என்று அவள் கண்டாளா?

தொண்ணூற்றாறில் அவளுடைய தம்பி பஸ்ரியன் கனடாவுக்கு வரும் வழியில் அதே நாட்டில் பிடிபட்டு, தடுப்புமுகாமில் கிடந்தான். இலங்கைக்குத் திருப்பினால் இறங்கிய இடத்திலேயே பிடித்து அடைப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மாநாட்டுக்கென்று ரொறன்ரோ வந்த மந்திரி, பழைய ருசியில் சாப்பிடவும் வந்தார். தம்பியை மீட்டுத் தரும்படி காலில் விழாத குறையாக அவள் கேட்டாள்.

"அழாதை தங்கச்சி. பொடியனை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது என்ரை பொறுப்பு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய நண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள்.

சில கிழமைகளில் அவரே போன் எடுத்தார். "பிளேன் ஏத்தியாச்சு." பேர்ணடெற் கட்டில் விரித்துவைத்து, பக்கத்து வீட்டில் குளிர் ஜக்கற் இரவல் வாங்கிக்கொண்டு எயார்போட்டுக்கு ஓடினாள். யார் யாரோ வந்தார்கள். பஸ்ரியன் வரவில்லை.

வீடு திரும்பியதும் கொழும்பிலிருந்து மச்சாள் அன்ரனெற்றின் அழைப்பு. "பஸ்ரியனைக் கட்டுநாயக்காவிலை இறக்கினதும் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், மச்சாள்!"

அட பாவி மனிசா! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறென்ன?

உடனே மந்திரியை அழைத்தாள். அவர் குரலில் ஒரு சலனமும் இல்லை.

"நான் சொல் தவறேல்லை தங்கச்சி. வீட்டுக்கு எண்டுதானே சொன்னன். அவன்ரை வீடு அங்கைதானே? உவனைக் கனடாவுக்கு விட்டிருந்தால் என்ரை கதிரை போயிருக்கும்."

பேர்ணடெற் அவரை மேலே பேசவிடவில்லை.

"எந்த வீடு எண்டு நான் கேக்கேல்லை அண்ணை, அது என்ரை மொக்குத்தனம். என்ரை சொல்லுக்கு ஒரு வாசல்தான், கேளுங்கோ. இது என்ரை வீடு. இதுக்குள்ள இனிக் கால் வைக்காதேங்கோ."