வெள்ளைத்திரைக்காரரின் பட்டன்கள்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் ஜன்னல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளரும் அதில் சேர்த்தி. புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும் திரையை, அதிலுள்ள ஜன்னல்கள், பட்டன்கள், பட்டியல்கள் எல்லாவற்றையும் வடிவமைப்பதுதான் அவள் வேலை. யார் வேண்டுமானாலும் எந்தப் பட்டனையும் பிடுங்கி, பிடித்த இடத்தில் நட்டு, பிடித்த பெயர் வைத்துக்கொள்ளும்படி ஒரு சட்டகத்தை மூன்று வருடம் உட்கார்ந்து செய்திருந்தாள். ‘உங்கள் திரை, உங்கள் இஷ்டம்’ என்று விளம்பரம்கூடப் போட்டார்கள்.

அதை வெளியிடுவதற்கு முந்தைய வாரம் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தில் வாக்குவாதம் வந்தது. எல்லாவற்றையும் கலைத்துப் போட்டவர்கள் முதலில் இருந்த நிலைக்குத் திரும்புவதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. அதை மட்டுமாவது ஒரே இடத்தில் நிற்கவைக்கலாம் என்றார் மேலாளர். ஜன்னல் அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

“எல்லாமேன்னு சொல்லிட்டு ஒண்ணை மட்டும் ஆணி அடிச்சு வெச்சா, அது எப்படி சார் எல்லாமே ஆகும்?”

மேலாளர் விட்டுக்கொடுத்தார். அந்தப் பட்டனும் மற்ற பட்டன்களைப் போலச் சுதந்திரம் பெற்றது.

அப்புறம் மூன்று வருடம் எந்தப் புகாரும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்ட்டுகளுக்குப் புரோகிராம் எழுதும் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. பேசிய பொறுப்பாளர் அம்மாவின் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

“மேடம், எங்க ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்ல எல்லா பட்டனும் காணாமப் போச்சு. உங்ககிட்ட வேற செட் இருந்தா கொடுத்தனுப்ப முடியுமா?”

நேரில் போய்ப் பார்ப்பதே மேல் என்று அவள் கிளம்பினாள். அலுவலகம் ஏழு மாடிக் கட்டடத்தில் நாலாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் தன் சட்டகம் என்ன பாடுபடுகிறது என்று நடந்துகொண்டே பார்த்தாள். ஒருவர் பட்டன்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனதில், இப்போது திரையில் நான்குதான் இருந்தன. இன்னொருவர் எல்லாவற்றையும் ஓரத்தில் வரிசையாகக் கோர்த்து, நடுவில் தன் பூனையின் படத்தை வைத்திருந்தார். பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள் இருவர், ‘சேமி’ பட்டன் இடதிலா வலதிலா என்ற விவகாரத்தில் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

“பிரச்சனை இவங்க இல்லை,” என்றார் பொறுப்பாளர் அம்மா. “அந்தக் கடைசி மேஜை.”

கடைசி மேஜைக்காரரை அங்கே வெள்ளைத்திரைக்காரர் என்பார்கள். திரையில் எது தெரிந்தாலும் அவருக்குக் கவனம் சிதறுமாம். தினமும் ஒரு பட்டனாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிக்கொண்டே வந்ததில், கடைசியில் திரை முழுக்க வெறும் வெள்ளையாகிவிட்டது. பட்டன்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன, தெரியவில்லை, அவ்வளவே. அவர் கைக்கு இடம் பழகிவிட்டதால் வேலை தடைபடவில்லை. அலுவலகத்திலேயே கெட்டிக்காரர் அவர்தான் என்பதால், ஊரிலுள்ள லிஃப்ட்டுகளுக்குப் புரோகிராம் அனுப்பும் உரிமையும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

இப்போது அவர் ஒரு வாரம் விடுமுறையில் இருக்கிறார். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நாலாம் மாடியில் மட்டும் நிற்க மறுக்கிறது. அதைச் சரிசெய்து பார்க்க, எந்த எண்ணை அழுத்தினாலும் நாலாம் மாடிக்கே போகும்படி ஒரு சோதனைப் புரோகிராம் எழுதிவிட்டார்கள். அதை ஓட்டிப் பார்க்கத்தான் பட்டன் வேண்டும்.

அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெள்ளைத்திரைக்காரரின் கை எங்கெங்கே போகும் என்று ஆளுக்கொரு ஞாபகத்தைச் சொல்லி, ஒரு கண்ணாடித் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பட்டன்களை வரைந்து, திரையின் மேல் செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

ஜன்னல் அக்காவுக்கு மயக்கம் வராத குறை. “தொடாதீங்க!” என்று அவள் வாயைத் திறப்பதற்குள், பூனைப் படக்காரர் ‘ஓட்டிப் பார்’ என்று எழுதியிருந்த இடத்தில் மவுஸைத் தட்டிவிட்டார். டேப் ஒரு விரல்கடை வழுக்கியிருந்தது. ‘ஓட்டிப் பார்’ இருந்த இடத்தில் உண்மையில் இருந்தது, ‘எல்லா லிஃப்ட்டுக்கும் அனுப்பு’.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அலுவலகத்துக்கு எதிரே இருந்த லிஃப்ட் திறந்து, ஒரு பெரிய சோபாவும் அதைச் சுமந்த இரண்டு ஆட்களும் வெளியே வந்தார்கள்.

“ஆறாவது மாடிதானே அழுத்தினோம்?” என்றார் ஒருவர்.

அடுத்த முறை திறந்தபோது வாயில் பஞ்சு வைத்த ஒருவர் வந்தார். ஏழாம் மாடிப் பல் டாக்டரிடமிருந்து வீட்டுக்குக் கிளம்பியவர். படி இறங்கிப் போகச் சொன்னால், தலை சுற்றுகிறது என்று சைகை காட்டிவிட்டு சோபாவில் சாய்ந்துகொண்டார். அதற்குள் அலுவலகத்தின் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன. ஊரில் இருந்த அத்தனை லிஃப்ட்டுகளும் நாலாம் மாடிக்கே போய்க்கொண்டிருந்தன. நாலாம் மாடியே இல்லாத கட்டடங்களில், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி யோசித்துக்கொண்டு நின்றன.

“பழைய புரோகிராமைத் திருப்பி அனுப்பிட்டா போதும்,” என்றார் பொறுப்பாளர் அம்மா. “அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு தெரியலையே! எல்லாத்தையும் முதல்ல இருந்தபடி கொண்டு வர்றதுக்கு ஒரு பட்டன் இருக்குமில்ல, அது எங்க மேடம்?”

“அதையும் அவர் நகர்த்தியிருப்பார்,” என்றாள் ஜன்னல் அக்கா.

“அதைப் போய் யாராவது நகர்த்தற மாதிரி செய்வாங்களா? எந்த அறிவாளி வேலை அது?”

அந்த அறிவாளி தலையைக் குனிந்துகொண்டு மாடிப்படிப் பக்கம் போய்க் கணவனுக்கு போன் செய்தாள். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன் அவன்.

“ஏங்க, பொண்ணை ஸ்கூல்ல இருந்து நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. ஊர்ல இருக்கிற லிஃப்ட் எல்லாம் நாலாம் மாடிக்கே போகுது.”

“நீ என்ன பண்ணே?”

“நான் ஒண்ணும் பண்ணலை. யார் வேணா எதை வேணா பண்ணிக்கலாம்னு மட்டும் பண்ணேன்.”

“நானும் எத்தனையோ மெஷினைத் திறந்திருக்கேன். தண்ணியை நிறுத்துற குழாயை மட்டும் எவனும் இஷ்டத்துக்கு விட்டதில்லை.”

“இப்ப இதைச் சொல்லியே ஆகணுமா?”

“சரி சரி, வெச்சிடறேன். பொண்ணை நான் பாத்துக்கறேன்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வெள்ளைத்திரைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் மூன்று தெரு தள்ளி வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். திரையில் தாள் ஒட்டிய செய்தி கேட்டு முதலில் மனம் நொந்தார். பிறகு மனமிரங்கி வழி சொன்னார்.

“ரொம்ப சுலபம் மேடம். அத்தைக்கு நேர் கீழே போங்க. பெரியப்பா குறுக்கே வருவார், அவரைத் தொட்டுடாதீங்க. மைத்துனரைத் தாண்டினா பொறந்த வீடு.”

“யாருங்க இவங்கல்லாம்?”

“பட்டன்தான். எதையும் விட்டுக்கொடுக்காம எடுத்து வெச்சுக்கறவங்க எங்க அத்தை, அதனால அது ‘சேமி’. ஒரு இடத்துல நிக்க மாட்டான் மைத்துனன், அது ‘ஓட்டு’. பெரியப்பாகிட்ட போன பொருள் திரும்பி வராது, அது ‘அழி’. பழையபடி திரும்பறது பொறந்த வீடு.”

“சரி, அத்தை எங்கே?”

“அது என் கைக்குத்தான் தெரியும் மேடம். எனக்குத் தெரியாது.”

அவரையே வரச் சொன்னாள். இருபது நிமிடத்தில், மூச்சு வாங்க, முழங்கை வரை சுண்ணாம்போடு படியேறி வந்து சேர்ந்தார். தன் மேஜைக்கு முன்னால் நின்று திகைத்தார்.

“என் நாற்காலி எங்கே?”

ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கை மேஜைக்கு ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. இன்னொன்றில் கை எட்டவே இல்லை. தாழ்ந்தால் பெரியப்பா மேல் விழும், ஆபத்து என்றார். போன்கள் அலறிக்கொண்டே இருந்தன. கடைசியில் பல்லுக்கார மனிதர், பேச முடியாமல், தான் உட்கார்ந்திருந்த சோபாவைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

சோபா ஆட்களுக்கு இஷ்டமில்லை. “சுண்ணாம்பு படும்மா, வாங்கினவங்களுக்கு யார் பதில் சொல்றது?” என்றார்கள். ஜன்னல் அக்கா தன் துப்பட்டாவை எடுத்து விரித்தாள். ஒரு மெத்தையை உருவியதும் உயரம் சரியாக வந்தது. வெள்ளைத்திரைக்காரர் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மவுஸைப் பிடித்தார். எட்டு மாதமாகப் பேசாத இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மவுஸ் மெல்ல இறங்கியது, ஓரிடத்தில் தயங்கி, சுற்றி வளைத்துக்கொண்டு போனது. க்ளிக்.

திரை முழுக்கப் பட்டன்கள் பூத்தன. வெள்ளைத்திரைக்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சந்தைக்குள் தள்ளப்பட்டவர் போல முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜன்னல் அக்கா அவர் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, ‘முந்தையதை அனுப்பு’ என்ற பட்டனைத் தட்டினாள். ஒவ்வொரு போனாக ஓய்ந்தது. வெளியே லிஃப்ட் திறந்து, மூடி, ஒழுங்காகக் கீழே போனது.

பொறுப்பாளர் அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “என்ன அழகா இருக்கு! எது எங்கேன்னு பளிச்சுனு தெரியுது. இதை யார் செஞ்சது?”

“நான்தான்,” என்றாள் ஜன்னல் அக்கா. “முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு.” மூன்று வருட உழைப்பை ஒரே ஒரு ஆள் முழுசாகப் பார்க்க, ஊர் லிஃப்ட்டெல்லாம் வழி தவற வேண்டியிருந்தது.

அடுத்த வாரக் கூட்டத்தில், பழையபடி திரும்பும் பட்டன் இனி வலது மேல் மூலையில் நகராமல் நிற்கும் என்று அவளே சொன்னாள். மேலாளர் பதறினார்.

“அக்கா, ‘உங்கள் இஷ்டம்’னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோமே!”

“பக்கத்துலயே ‘ஒண்ணைத் தவிர’ன்னு சேத்துக்கோங்க சார்.”

புதிய பதிப்பு வந்த நாளே இருநூற்றுப் பன்னிரண்டு கண்டனக் கடிதங்கள் வந்தன. வெள்ளைத்திரைக்காரர் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார். பட்டன் நகராமலே இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாமா என்று கேட்டிருந்தார். அவள் இரண்டு நாள் யோசித்து, முடியாது என்று பதில் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனவள் எட்டிப் பார்த்தாள். அவர் திரைக்கு முன்னால், வலது மேல் மூலையை மட்டும் மறைக்கும்படி, இலை அடர்ந்த ஒரு பூந்தொட்டியைப் புத்தகங்களின் மேல் ஏற்றி வைத்திருந்தார். வேறு எந்தக் கோணத்திலும் அது சரியாக மறைக்கவில்லையாம்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம்,” என்றார்.

ஜன்னல் அக்கா இலைகளை விலக்கி, பட்டன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, லிஃப்ட்டில் ஏறாமல் படி வழியாகவே இறங்கிப் போனாள்.