ரெங்கம்மாள் கிணறு

பிக்கப் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாயகிருஷ்ணன் ஊரில் ஒருவரையும் நிம்மதியாக டீ குடிக்க விட்டதில்லை. கடைக்கு வருகிறவர்களை எல்லாம் பிடித்து நிறுத்தி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொத்தானைப் பற்றிச் சொல்லுவான். சாதாரண வண்டி சேற்றில் மாட்டினால் பின்னால் ஒரு சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். இந்தப் பொத்தானை அமுக்கினால் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், எந்தச் சகதியிலிருந்தும் ஏறி வந்துவிடும். டிஃப் லாக் என்று பெயர்.

"லாக்கு லாக்குன்னு பெத்த பிள்ளை மாதிரி பேசுதீங்களே, ஒரு நல்ல நாளாப் பாத்து அதுக்குக் காதும் குத்திருங்க" என்பாள் அவன் மனைவி யோகலட்சுமி. ஆடு மேய்க்கிற குடும்பத்தில் முதன்முதலாக நாலு சக்கரம் வாங்கியவன். கொஞ்சம் ஆடத்தான் செய்வான்.

அவன் பீற்றிக்கொள்ளாத விஷயமும் ஒன்று உண்டு. லாக் போட்டிருக்கும்போது அந்த வண்டி லேசில் வளையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் தள்ளுவதால், சகதியில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முகத்தை நேரே வைத்துக்கொண்டு போகும். பொத்தானை எடுத்துவிட்டாலும் உடனே விடாது. கொஞ்சம் முன்னே பின்னே உருட்டிக் கொடுத்தால்தான் பூட்டு விலகி, லாக் போட்டதும் எரிகிற சிவப்பு விளக்கு அணையும்.

அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் மழை முந்திக்கொண்டது. விதைப்புக்கு முன்பு தரிசு நிலத்தில் ஆடுகளை அடைத்துப் போட்டு உரம் சேர்ப்பார்கள், அதற்குக் கிடை போடுவது என்று பெயர். மாயகிருஷ்ணனின் தம்பி இசக்கிபாண்டி, எட்டயபுரத்துக்கு வடக்கே, கோவில்பட்டி தீப்பெட்டி முதலாளி ஒருவரின் தரிசில் கிடை போட்டிருந்தான். கூட இருந்த காளிராஜ் காய்ச்சல் என்று ஊருக்கு வந்துவிட்டான். இரவு முழுக்க மழை. காலையில் போனை எடுத்த தம்பி, மத்தியானத்துக்கு மேல் எடுக்கவில்லை.

தம்பி என்றாலும் அவன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் இந்த இரண்டு பேர்தான். மாயகிருஷ்ணன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"நான் போயி அவனையும் குட்டிகளையும் ஏத்திட்டு வாரேன்."

"ரெங்கம்மா கிணத்து வழியாவா?" என்று கேட்டாள் யோகலட்சுமி.

"வேற தடம் ஏது?"

"அப்ப மூணு தரம் கூப்பிடுங்க. பதட்டத்துல மறந்துராதீங்க."

அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்னால் பாசிப்பயறு எடுக்க வந்த ரெங்கம்மாள் என்கிறவள் அந்தக் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள். சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. ஒரு பெண் குரல் இரண்டு தரம் கூப்பிட்டதை அக்கம்பக்கத்து ஆட்டுக்காரர்கள் கேட்டார்கள். எவளோ எவளையோ கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டார்கள். மூன்றாவது தரம் கூப்பிட அவளுக்கு மூச்சு இல்லை.

அதன்பிறகு அந்தக் கரிசல் காட்டில் ஆளில்லாத குரல் கேட்கிறது என்று பேச்சு. எந்தக் குரலிலும் கூப்பிடுமாம், ஆனால் இரண்டு தரம்தான். அதனால் அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மூன்றாவது குரல் காதில் விழும்வரை, பகலானாலும் சரி, யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கேட்கிறவர்கள் சிரிக்கலாம். அங்கே ஒரு பொழுது தனியாக நின்று பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதுமே கரிசல் தன் புத்தியைக் காட்டியது. நனைந்த மண் டயரில் அப்பி, மேலே மட்கார்டு வரைக்கும் அடைத்தது. வண்டி நாலு பக்கமும் வழுக்கியது. ஒரு ஓடையைத் தாண்டும்போது இடது பின்சக்கரம் சும்மா சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. மாயகிருஷ்ணன் பொத்தானை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு மேலே ஏறியது.

"பாத்தியா!" என்றான், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும்.

இன்னும் பொழுது அடையவில்லை, ஆனாலும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கமாக மழை விட்டால் மயில் அகவும், தவளை கத்தும். இன்று ஒன்றும் இல்லை. தடம் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. கிடை எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்று, வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டான்.

"ஏலே... இசக்கிபாண்டீ!"

எதிரொலிகூட வரவில்லை. தூறல் வலுத்தது. இன்னும் ஓங்கிக் கூப்பிட்டான்.

"ஏலே... இசக்கிபாண்டீ!"

கூப்பிட்டுவிட்டு எதிரே பார்த்தான். சாய்ந்து நிற்கும், முள் அடர்ந்த ஒற்றை உடைமரம். அதன் கிளையில் யாரோ எப்போதோ கட்டிய சிவப்புச் சேலைத் துணி நனைந்து தொங்கியது. ரெங்கம்மாள் கிணறு. அது வெகுதூரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதன் வாசலிலேயே நின்றிருக்கிறான். மூன்றாவது தரம் கூப்பிட வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. சத்தியமாகப் பயந்துவிட்டான். ஓடிப்போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான்.

அப்போதுதான் வலதுபக்கம் ஆடுகள் தெரிந்தன. சுற்றிக் கட்டிய வலைக்குள் மொத்தக் கிடையும் நின்றது. ஆள் இல்லை. நாய் படுத்திருந்தது, குரைக்கவில்லை. ஆடு எப்போதும் மழைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும், அது பிறவிக் குணம். இந்த ஆடுகளோ சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, உடைமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றன.

வண்டியைக் கிளப்பி வலதுபக்கம் ஒடித்தான். வண்டி நேரே போனது. பொத்தானை எடுத்தான். விளக்கு அணையவில்லை. இன்னும் ஒடித்தான். முன்சக்கரம் இரண்டும் வலதுபக்கம் திரும்பியபடியே வழுக்க, பின்சக்கரம் இரண்டும் விடாமல் தள்ள, வண்டி உடைமரத்தைப் பார்த்தே போனது. பூட்டு விலகவில்லை, அவ்வளவுதான் என்று புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை, அது ஒடித்துக்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி சறுக்கிக்கொண்டே போய், கிணற்று வாய் கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்தில் உதறி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது.

"அண்ணே."

மண்ணுக்குள்ளிருந்து வந்தது குரல். மாயகிருஷ்ணன் அசையவில்லை.

"அண்ணே."

தம்பி குரல்தான். ஆனால் அது எந்தக் குரலிலும் கூப்பிடும் என்றுதானே சொல்கிறார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு நேரம் எந்த மனுஷனும் சும்மா இருக்கமாட்டான். ஒருவேளை மூச்சு இல்லையோ? ரெங்கம்மாளுக்கு இல்லாமல் போன மாதிரி? கதவில் கையை வைத்தான்.

"அண்ணே! நான் செத்த பெறவுதான் வருவியா?"

கதவை உடைக்காத குறையாக இறங்கி ஓடினான். உள்ளே, பாதிக் கிணற்றில், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் இசக்கிபாண்டி நின்றான். தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்துவிட்டது. காட்டுத் தண்ணீர் முழுவதும் வாய்க்காலாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"வழுக்கி விழுந்துட்டேன். காலு பிசகிருச்சு, ஏற முடியல. சீக்கிரம்ண்ணே."

மாயகிருஷ்ணன் வண்டிக் கயிற்றை எடுத்து முன் கொக்கியில் கட்டினான். கிணற்று விளிம்பில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கயிற்றை இறக்கினான். தம்பி அக்குளுக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டதும் வண்டியில் ஏறினான். இந்தச் சகதியில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் வண்டி பக்கவாட்டில் வழுக்கும், வண்டியும் ஆளும் சேர்ந்து உள்ளே போக வேண்டியதுதான். வண்டியைக் கிளப்பி, பொத்தானை மறுபடி அமுக்கிவிட்டு, ரிவர்ஸ் போட்டு மெதுவாக விட்டான். இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கடித்தன. திரும்பத் தெரியாத அந்த வண்டி, கோடு போட்ட மாதிரி நேரே பின்னால் வந்தது. விளிம்பில் முதலில் ஒரு கை தெரிந்தது, பிறகு தலை.

தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மாயகிருஷ்ணன் அழுதான். அழுதுகொண்டே முதுகில் ஒரு அறையும் வைத்தான்.

"ஏலே, ரெண்டு தரம் கூப்பிட்டேன்லா? அப்பவே ஏன்லே சத்தம் கொடுக்கல?"

"ரெண்டு தரம் கூப்பிட்டா எவன் பதில் கொடுப்பான்? வண்டிச் சத்தம்கூட உள்ள கேக்கல, தண்ணிச் சத்தந்தான். அந்தக் கிணத்துக்காரிதான்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன்." இசக்கிபாண்டி குளிரில் பல் தந்தியடிக்க வண்டிப் பக்கம் எட்டிப் பார்த்தான். "மதினி எங்க? வண்டிக்குள்ளயா இருக்காவ?"

"அவ வீட்லலா இருக்கா."

"வெளையாடாத அண்ணே. மூணாவது தரம் பொம்பளைக் குரல்லா கூப்பிட்டுச்சு. என் தலைக்கு நேரே மேல நின்னு, 'இசக்கிபாண்டி'ன்னு. மதினிதான்னு நம்பித்தானே நான் குரல் கொடுத்தேன்."

மாயகிருஷ்ணன் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்தான். கிடையைப் பார்த்தான். ஆடுகள் இப்போது மழைக்கு முதுகைக் காட்டி, அசைபோட்டுக்கொண்டு நின்றன. நாய் எழுந்து வாலை ஆட்டியது. வண்டிக்குள் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவன் வண்டியில் ஏறவில்லை. தனியாகக் கிணற்றடிக்கு நடந்தான். தம்பி நின்றிருந்த படிக்கல் தண்ணீருக்குள் மறைந்துவிட்டிருந்தது. சிவப்புத் துணியிலிருந்து சொட்டு சொட்டாக உள்ளே விழுந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை வருஷமாக அந்தக் காட்டில் ஒருவரும் கொடுக்காத பதிலைக் கொடுக்காமல் அவனால் போக முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

"கேட்டுச்சு தாயி. மூணும் கேட்டுச்சு."