கதவைத் திறக்கச் சொன்னது யார்

தென்னாப்பிரிக்காவின் டோரிங்க்ளூஃப் நீதிமன்றத்தில் வுயேல்வா பதினெட்டு வருடங்களாக மொழிபெயர்ப்பாளர். நீதிபதியும் வக்கீல்களும் ஆஃப்ரிகான்ஸ் பேசுவார்கள். கூண்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் கோசா பேசுவார்கள். இரண்டும் அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே கூட வந்தவை. ஒருவர் வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்த மொழியில் அதைத் தொடங்கிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று கூண்டில் நின்றவர் சாமிலே. யூரியின் பண்ணையில் முப்பது வருடமாக ஆடு மேய்ப்பவர். மார்ச் மாதம் ஆறு பெருகியபோது ஆற்றோரப் பட்டியின் கதவைத் திறந்துவிட்டார். மேடேறிய ஆடுகள் ரயில் பாதையில் போய் நின்றன. சரக்கு ரயிலில் அடிபட்டு நாற்பத்து மூன்று செத்தன. வேண்டுமென்றே செய்தார் என்று யூரி போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்.

அரசு வக்கீல் போலீஸ் எழுதிய வாக்குமூலத்தை ஆஃப்ரிகான்ஸில் வாசித்தார். "'வீட்டிலிருந்து வந்து அவன் சொன்னான், திறந்தேன்.' இது நீ சொன்னதுதானே?"

வுயேல்வா கோசாவில் கேட்டாள். "வீட்டுலேருந்து வந்து சொன்னாங்க, திறந்தேன்னு சொன்னீங்களாப்பா?"

"ஆமா மகளே. அதேதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க," என்றார் வக்கீல்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? சொன்னாங்க, திறந்தேன்."

வக்கீல் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "அந்த வீட்டுல ஆம்பளை ஒரே ஒருத்தர். அவரு அன்னைக்கு போர்ட் எலிசபெத்ல இருந்தாரு. இதோ ஹோட்டல் ரசீது. இந்தாளு பச்சைப் பொய் சொல்றான்."

அதை வுயேல்வா சொன்னதும் சாமிலே அவளை விசித்திரமாகப் பார்த்தார். "யூரி ஊர்ல இல்லைன்னு எனக்கே பாடமா? காரைத் துடைச்சு வழியனுப்பினதே நான்தானே. அவரு சொன்னாருன்னு யாரு சொன்னாங்க?"

வுயேல்வாவின் வாய் திறந்தபடியே நின்றது.

'உதே.' கோசாவில் அது ஒரே சொல். ஒருவர் சொன்னார் என்று பொருள். அந்த 'உ' என்ற ஒற்றை உயிரெழுத்துக்குள் ஆணும் இருக்கலாம், பெண்ணும் இருக்கலாம். போலீஸ்காரர் அதை ஆஃப்ரிகான்ஸில் எழுத உட்கார்ந்தபோது அந்த மொழி விடவில்லை. ஆணென்றால் 'ஹெய்', பெண்ணென்றால் 'ஸெய்', ஒன்றைச் சொல் என்றது. அவர் 'ஹெய்' என்று எழுதிவிட்டார். அந்த 'ஹெய்'யை இவள் மறுபடி கோசாவாக்கியபோது அது பழையபடி 'உ'வுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதனால்தான் கிழவர் ஆமாம் ஆமாம் என்றார். பிழை இரண்டு முறை இவள் நாக்கு வழியாகவே போயிருக்கிறது, இவளுக்குத் தெரியவில்லை. தினம் நடக்கிற தரை சட்டென்று கண்ணாடியாகி, கீழே ஆழம் தெரிந்தது போல் இருந்தது அவளுக்கு.

"ஐயா," என்றாள் நீதிபதியிடம், "நான் ஒண்ணு சொல்லணும். மொழிபெயர்ப்பு இல்லை, என் சொந்த வார்த்தை."

நீதிபதி லாட்டகன் பேனாவை வைத்தார். "சொல்லுங்கம்மா."

"கோசாவுல நாய்க்கு ஒரு இனம், நாற்காலிக்கு ஒரு இனம், கண்ணுக்கு ஒரு இனம், மனுஷனுக்கு ஒரு இனம். வினைச்சொல் ஒவ்வொண்ணுக்கும் உருவம் மாறும். ஆனா அந்த மனுஷர் ஆம்பளையா பொம்பளையான்னு மட்டும் அது கேக்காது. ஆஃப்ரிகான்ஸ் நாயையும் நாற்காலியையும் ஒண்ணாத்தான் பார்க்கும். ஆனா மனுஷன்னு வந்துட்டா, ஆணா பொண்ணான்னு சொல்லாம ஓரடி நகர விடாது. இவரு சொன்னது 'உதே', 'அவன்'னு சொல்லவே இல்லைங்கய்யா. சொல்லியிருக்கவே முடியாது. அவர் மொழியில அந்த வார்த்தையே கிடையாது."

வக்கீல் கையிலிருந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சொன்னது யாரு? கேளுங்க," என்றார் நீதிபதி.

கேட்டாள். சாமிலே தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டுப் பொம்பளை பேரை நான் போலீஸ் புஸ்தகத்துல ஏத்த மாட்டேன். அன்னைக்கும் சொல்லலை, இன்னைக்கும் சொல்லமாட்டேன். நீயும் வற்புறுத்தாதே மகளே."

கடைசி வரிசையில் யூரியின் பக்கத்திலிருந்து அவர் மனைவி லெட்டி எழுந்தாள். யூரி அவள் கையைப் பிடித்தார், அவள் உதறினாள். பண்ணைக் குழந்தைகளோடு வளர்ந்தவள். கோசாவிலேயே சொன்னாள்: "ந்டிம்."

நான்தான். ஒரே சொல்.

வுயேல்வா அதை ஆஃப்ரிகான்ஸில் சொன்னாள். மூன்று சொற்கள் தேவைப்பட்டன.

"தண்ணி கண்ணெதிரே ஏறிக்கிட்டு இருந்துச்சு," என்றாள் லெட்டி. "திறந்துவிடுங்கன்னு நான்தான் கத்தினேன். இவருக்குப் பயந்து ரெண்டு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். சாமிலே பொய் சொன்னார்னு சொல்லிட்டாங்க, இனிமே எப்படி உட்காந்திருக்கிறது?"

வழக்கு அப்போதே தள்ளுபடியானது. சாமிலே கூண்டை விட்டு இறங்கும்போது லெட்டி கை கொடுத்தாள். யூரி தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றார். கடைசியில், "வண்டியில ஏறுங்க, போலாம்," என்றார் சாமிலேயிடம்.

"முன்சீட்டுலயா, பின்னாலயா?" என்றார் கிழவர்.

"முன்னால."

மன்றம் காலியானதும் லாட்டகன் இறங்கி வந்தார். "அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"உதே."

அவரும் சொல்லிப் பார்த்தார், கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவரைப் போல மெதுவாக. "இத்தனை வருஷத்துல எத்தனை வாக்குமூலத்துல நாம 'அவன்'னு எழுதியிருப்போம்?"

அவள் பதிவறைச் சாவியை எடுத்தாள். இருவரும் பதிவறைக்குப் போனார்கள். முதல் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய வாக்குமூலக் கட்டு ஒன்றை அவர் இறக்கினார். அவள் கயிற்றை அவிழ்த்தாள்.