முன்சக்கர நட்டு

தையல்காரரின் கார் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. போன மாதம் எங்கள் பட்டறையில் அதன் இரண்டு முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பையும் கழற்றி, பேரிங் மாற்றி அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் பாலத்தின் மேல் இடது சக்கரம் இறுகி நின்றுவிட்டது. வண்டி சுழன்று கைப்பிடிச் சுவரில் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது.

நாளை மறுநாள் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வண்டி வேண்டுமாம். வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம் அந்த மனுஷன். மறுபடியும் எங்களிடமே வந்து நின்றார்.

ஹப்பைத் திறந்தோம். கிரீஸ் கரிந்து ஒட்டிக்கிடந்தது. பேரிங் உருளைகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன.

"பேரிங் மட்டம். இப்பல்லாம் பெட்டியில ஒண்ணு போட்டிருக்கான், உள்ள ஒண்ணு இருக்கு" என்றார் என் கணவர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் உருளை இப்படித்தான் வெந்துபோகும். பதினெட்டு வருடமாகப் பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்துக் கொடுக்கிற எனக்கு அதுகூடத் தெரியாதா?

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஸ்பானரால் நட்டை இறுக்க வேண்டும். பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்திவிட்டு, மறுபடி வெறும் விரலால் திருக வேண்டும். விரல் போதும் என்கிற இடத்தில் நிறுத்தி, நட்டு நகராதபடி பின்னைக் கோத்துவிட வேண்டும். அளந்து பார்க்கக் கருவி இருக்கிறது. இவர் அதைத் தொட்டதே இல்லை. "நாடி பாக்குறவனுக்குக் கருவி எதுக்கு?" என்பார். வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயரே நாடிக்காரர்.

மூன்று மாதத்துக்கு முன் இவர் கட்டைவிரலில் ஓர் இரும்புச் சிலாம்பு நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது. இவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நோய் நரம்பைத் தின்றுவிட்டது, இனி உணர்ச்சி திரும்பாது என்றார் டாக்டர். "வெளிய சொல்லிடாதே" என்று இவர் கெஞ்சினார். நானும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

சக்கரத்தைத் தாங்கும் புது ஸ்பிண்டில் தண்டு, புது பேரிங் எல்லாம் மாட்டியாயிற்று. தையல்காரர் பக்கத்திலேயே நின்றார்.

"உங்க கைய நம்பித்தாண்ணே அவள ஏத்திட்டு வரப்போறேன்."

இவர் நட்டை விரலால் திருகினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி திருகினார். பிடி கிடைக்கவில்லை போலிருக்கிறது, ஸ்பானரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"கச்சிதமா உக்காந்துருச்சு."

நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க, இறுகியிருக்கு."

"நீ கிரீஸப் பாரு. நட்ட நான் பாத்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல்காரர் பக்கம் திரும்பினேன்.

"இவரு விரலுக்கு உணர்ச்சி செத்துப்போச்சுங்க. அன்னிக்கும் இப்படித்தான் இறுக்கியிருக்காரு. பேரிங் மேல ஒரு தப்பும் இல்ல."

கணவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தார். என் கோபம் அப்படியே வடிந்துவிட்டது.

தையல்காரர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. இவரைப் பார்க்கவும் இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"மூணு மாசமா."



"வண்டி எடுக்க வந்த அன்னிக்கு என் சம்சாரம் உங்ககிட்டதானே கேட்டா? பயமில்லாம போலாமாக்கான்னு?"

"ஆமா."

"என்ன சொன்னீங்க?"

"போலாம்னு சொன்னேன்."